தன் கையை மட்டும் காட்டாத டாக்டரம்மாவுக்கு

மூட்டு நோய்ப் பிரிவின் முதல்வர், முகம் பார்த்தே முழங்காலின் கதை சொல்பவர், மூன்றாம் மாடியில் இருந்த பிரிவை "முட்டி வலிக்காரங்க முப்பது படி ஏறணுமா?" என்று முட்டி மோதித் தரைத்தளத்துக்கு இறக்கியவர், முப்பத்திரண்டு ஆண்டுப் பணியை இன்று நிறைவு செய்யும் எங்கள் டாக்டரம்மா அவர்களுக்கு, அப்பிரிவின் ஊழியர்கள் அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

வீங்கிய விரல்களின் விடிவெள்ளியே! முடங்கிய மூட்டுகளின் முதல் நடையே! கடுகடுத்த சொல்லுக்குள் கனிந்திருக்கும் கருணையே! வாழ்க! வாழ்க!

இப்படி இன்னும் இரண்டு பக்கத்துக்கு மோனை கோத்து எழுதி வைத்திருந்தோம். பெரிய சிஸ்டர் படித்துப் பார்த்தார். "முதல் பத்தியிலயே டாக்டரம்மா எந்திரிச்சு வார்டைச் சுத்தப் போயிடுவாங்க. சொல்ல வேண்டியதை அப்புறம் யார்கிட்டச் சொல்லுவீங்க, நாற்காலிகிட்டயா?" என்றார். நியாயந்தான். ஆகவே விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறோம். அம்மையீர், விஷயம் தங்கள் கை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். தங்கள் மோதிரம் விரலை விட்டுக் கழுத்துச் சங்கிலிக்குக் குடிபெயர்ந்து பல மாதமாகிறது. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடிக்கிறீர்கள். கதவை முழங்கையால் தள்ளுகிறீர்கள். ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றுவதற்காக ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிளை ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரே ஒரு சுற்று ஓட்டினீர்கள். இறங்கியதும் கிளட்ச் பிடித்த கையை உதறிக்கொண்டே, "வண்டி சரியில்லப்பா" என்றீர்கள். வண்டி புதிது. கேட்டால், "நேத்து நிறைய எழுதிட்டேன்" என்கிறீர்கள். எழுதுவதோ இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்.

ஆரம்பத்தில் பிடித்தால் மூட்டைக் காப்பாற்றலாம், அரித்துக் கோணிய பிறகு ஆண்டவனே வந்தாலும் நேராக்க முடியாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது தாங்கள்தான். ஒரு ரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம். ஊருக்குத்தான் உபதேசம் என்று இருந்துவிட்டீர்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இந்த மேடை அமைந்தது. மாலையும் போட்டாயிற்று, இனி எழுந்து ஓட முடியாது. கேளுங்கள்.

தங்கள் பெருமையைச் சொல்லாமலும் விடமாட்டோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு முன், அந்த எலும்புக்கு உரியவர் சாப்பிட்டாரா என்று கேட்டவர் தாங்கள். "உனக்கெல்லாம் மனசுல நெனப்பு, வேற ஒண்ணும் இல்ல" என்று பத்து இடத்தில் விரட்டப்பட்டு வந்த பெண்களிடம், "வலி நெசம்மா, பேரு மட்டும்தான் இன்னும் தெரியல, கண்டுபிடிச்சிரலாம்" என்றவர் தாங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். மீதிப் பேரைத் தாங்கள் மாத்திரை மறந்ததற்குத் திட்டி அழ வைப்பீர்கள்.

ஆனால் இவ்வளவு பெரிய டாக்டரும் ஒருமுறை வழுக்கி விழுந்த கதை உண்டு. அந்தக் கதைக்கு உரிய பூட்டுக்காரர் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். சம்மதம் கேட்டதற்கு, "தாராளமா சொல்லுங்க, ஆனா என்னைக் கொஞ்சம் அழகா சொல்லுங்க" என்றார். ஆகவே: அழகிய மீசையுடைய ஒரு பூட்டுக்காரர்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவில் அவர் கடை. சாவி வெட்டுவார், பூட்டுத் திறப்பார், பூட்டிக்கொண்ட குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட மாமியார்களை மீட்டுக் கொடுப்பார். ஒரு வருஷம் அவருடைய விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் கடைகள் திறந்துவிடும். மெல்லிய கம்பியைப் பூட்டுக்குள் விட்டு நெம்பும் வேலையில் அவர் கை நடுங்கியது. முடக்குவாதம் என்று சொல்லித் தாங்கள் மாத்திரை எழுதினீர்கள்.

அவர் மனைவி பஸ் ஓட்டுநர். விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போகிறவர். அவருக்கு அந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. "அந்தப் பெட்டிக்குள்ள குனிஞ்சு கெடந்தது போதும், டிப்போவுல வாட்ச்மேன் வேலை இருக்கு, வாங்க" என்று வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லுவார். பூட்டுக்காரருக்கோ அந்தக் கடைதான் உயிர். ஆகவே வீட்டில் அவர் சொன்ன நோயின் பெயர் சுளுக்கு.

மாதா மாதம் நம்மிடம் வருவார். வருவதற்கு முன் வெந்நீரில் கையை நன்றாக ஊறவைத்துவிட்டு, பதினோரு மணிக்கு மேல், விரல்கள் கொஞ்சம் இளகிய பிறகு வருவார். தாங்கள் கணினியைப் பார்த்தபடி, "எப்படி இருக்கீங்க?" என்பீர்கள். "பரவாயில்லைங்க" என்பார். ரத்தத்தில் வீக்கத்தின் அளவு மட்டும் இறங்கவே இல்லை. மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். மறுபடியும் கூட்டினீர்கள். இவர் உடம்புக்கு இந்த மருந்து கேட்கவில்லை, இனி ஊசிதான் என்று முடிவு செய்தீர்கள். இந்தக் கை இனித் தேறாது என்று அவரும் முடிவு செய்தார். கடையை யாருக்கு விடலாம் என்று கமுக்கமாக ஆள் தேடத் தொடங்கினார்.

ஊசி பற்றிப் பேச வேண்டிய அன்று பூட்டுக்காரர் வந்தார். பின்னாலேயே, சீருடையில், டிரிப்புக்கு நடுவே வண்டியை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் மனைவியும் வந்துவிட்டார். கையில் ஒரு பை. அதிலிருந்து மாத்திரை பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தங்கள் மேசையில் அடுக்கினார். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"கடை டிராயர்ல இருந்துச்சு, டாக்டரம்மா. சுளுக்குக்கு எதுக்கு இத்தனை பாட்டில்? இவரு என்ன மருந்துக்கடை வெக்கப் போறாரா?"

தங்கள் கோபத்தை நாங்கள் பார்க்காததா? அன்று பார்த்தது அதற்கெல்லாம் தாத்தா. "நான் ராத்திரி பகலா உங்களுக்கு எந்த மருந்து கேக்கும்னு மண்டையை உடைச்சுக்கிறேன். நீங்க டிராயர்ல போட்டுப் பூட்டி வெக்கிறீங்களா? நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு வர்றீங்க?" என்றீர்கள். ஒரு பாட்டிலை அவர் கையில் திணித்து, "இப்பவே என் கண்ணு முன்னால ஒண்ணு போடுங்க" என்றீர்கள்.

அது குழந்தைகள் திறந்துவிடாதபடி அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி. அவர் திருகினார். மூடி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியதே தவிரக் கழலவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அக்குளில் இடுக்கித் திருகிப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. முதல் பாட்டிலைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கியதில் மாத்திரையெல்லாம் மாவாகிப் போன கதையை அப்புறம்தான் சொன்னார். அப்போது சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்குறவன்... இதைத் திறந்து குடுன்னு இவகிட்ட எப்படிங்க கேப்பேன்? அன்னிக்கே கடையை மூடச் சொல்லிருவா."

அவர் மனைவிதான் பாட்டிலை வாங்கி, ஒரு அழுத்து, ஒரு திருகு, திறந்து கொடுத்தார். கொடுக்கும்போது கணவர் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. "என்கிட்டயா மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். கடையை மூடச் சொல்லி அன்று முதல் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தாங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பூட்டுக்காரர் அருகில் உட்கார்ந்தீர்கள். "தப்பு என் மேலதான். இத்தனை மாசமா உங்க ரத்தத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். உங்க கையைப் பாக்கல" என்றீர்கள். ஒரு பெரிய டாக்டர் தன் நோயாளியிடம் இப்படிச் சொல்லி நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் நடந்ததுதான் இந்த ஆஸ்பத்திரியின் இதிகாசம். காலையில் வந்ததும் பெரிய சிஸ்டரிடம் கைகளை நீட்டி, பத்து விரலுக்கும் மரக்குச்சி வைத்து மடங்காதபடி பிளாஸ்திரி சுற்றச் சொன்னீர்கள். "இன்னிக்கு முழுக்க இப்படித்தான்" என்று அறிவித்தீர்கள். வெள்ளைக் கோட்டுப் பொத்தானை நாங்கள் போட்டுவிட்டோம். ஸ்டெதஸ்கோப் இரண்டு தடவை நோயாளியின் மடியில் விழுந்தது. கழிவறைக்குப் போனவர் குழாயை மூட முடியாமல், உதவி கேட்கவும் வெட்கப்பட்டு உள்ளேயே நிற்க, தண்ணீர் கதவிடுக்கு வழியாக நடைவரை வந்துவிட்டது. மாப்பு எடுத்து வந்த அக்கா, "ஏன் டாக்டரம்மா, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றார். "வெக்கமா இருந்துச்சு" என்றீர்கள். சொன்ன மாத்திரத்தில் தங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம். மதியத்துக்குள் தங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மூன்று துறைகளின் உதவி தேவைப்பட்டது.

அன்று முதல் இந்தப் பிரிவில் "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வி ஒழிந்தது. "இன்னிக்குக் காலைல என்ன செய்ய முடியல?" என்பதே முதல் கேள்வி ஆயிற்று. அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தாம் எத்தனை! ஒருவருக்குத் தலை வாரக் கை எழும்பவில்லை. ஒருவருக்குப் பேரனின் ஷூ கயிறு கட்ட முடியவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, கணவன் ஆசையாகக் கையைப் பிடிக்கும்போது உதறிவிடுகிறேன், அவன் தப்பாக நினைக்கிறான் என்றாள். எந்த ரத்தச் சோதனையில் இது தெரியும்? மருந்தாளுநர் அண்ணன் நம் நோயாளிகளுக்கென்று சாதாரண மூடி போட்ட பாட்டில்களைத் தருவித்தார். கதவுகளில் இருந்த உருண்டைக் குமிழ்களைக் கழற்றிவிட்டு நீளக் கைப்பிடிகளைப் பொருத்தியவர் யார் என்று கேட்கவும் வேண்டுமா? மீசைக்காரர்தான். மருந்து வாய்க்குள் போனதும் வேலை செய்தது. ஊசி தேவைப்படவில்லை. கடை இன்றும் இருக்கிறது. மாமியார்களும் மீட்கப்பட்டு வருகிறார்கள்.

அம்மையீர்! இந்தக் கதையை நாங்கள் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்று தங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். தங்களுக்கு என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை வெறும் தேய்மானமாக இருக்கலாம். ஒருவேளை தாங்கள் பயப்படுகிற அதுவாகவே இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்! தங்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்நோயை அறிந்தவர் எவருமில்லை. அதனால்தான் தங்கள் பயமும் மற்றவர் பயத்தைவிடப் பெரிது என்று எங்களுக்குப் படுகிறது. பயந்தால் என்ன? எங்கள் டாக்டரம்மாவுக்குப் பயமே வராது என்று நாங்கள் நினைத்திருந்த காலம் மலையேறிவிட்டது. அதனால் தங்கள் மேல் மதிப்புக் குறையவில்லை, பாசம்தான் கூடியிருக்கிறது.

பொன்னாடையும் கேடயமும் மற்றவர்கள் தருவார்கள். எங்கள் பரிசு வேறு. நாளைக் காலை புறநோயாளிப் பிரிவில் முதல் டோக்கன் தங்களுக்கு. தங்கள் இடத்துக்கு வரும் சின்ன டாக்டர் பார்ப்பார். தங்களைப் பார்க்கவேண்டுமே என்று இப்போதே அவருக்குக் கை வேர்க்கிறது. தயவுசெய்து அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். ரத்தம் எடுக்கும் தம்பி தங்கள் நரம்பு எளிதில் கிடைக்காதென்று கேள்விப்பட்டுச் சீக்கிரமே வருவதாகச் சொல்லியிருக்கிறான். காத்திருக்கும் பெஞ்சில் தங்கள் நோயாளிகள் இருப்பார்கள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். தங்களிடம் பயின்றவர்கள் ஆண்டுக் கணக்கோடு நிறுத்துவோமா? தங்களுக்கு வாய்க்கும் ஒவ்வொரு விடியலிலும் விரல்கள் விரிந்து மடங்குக! கால்கள் சொன்னபடி கேட்டுத் தரையில் ஊன்றுக! கிளட்ச் தங்கள் கைக்கு அடங்குக! எங்களை முந்திக்கொண்டு எல்லாச் சாலைகளிலும் தாங்கள் பறக்க, பின்னால் வரும் பஸ் ஓட்டுநர்கள் தங்களைத் திட்டுக! தங்கள் குரலின் அதட்டல் குறையாது வாழ்க!

முப்பத்திரண்டு ஆண்டுகளாக, வலியை வாய்விட்டுச் சொல்லக் கூசிய எத்தனையோ பேருக்குக் கூச்சம் போக்கினீர்கள். நாளை ஒருநாள் மட்டும் டாக்டரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எங்களிடம், "வலிக்குது" என்று சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கை பிடித்துத் தொழில் கற்றவர்களும்
இனித் தங்கள் கையைப் பிடித்துப் பார்க்கப் போகிறவர்களுமாகிய
மூட்டு நோய்ப் பிரிவு ஊழியர்கள்