சத்தம் புகாத வண்டி

பழைய வண்டியில் பாட்டு சரியாகக் கேட்காததற்கு ஸ்பீக்கர் காரணமில்லை, ஐயா. கதவுதான் காரணம். வெறும் தகரம் அது. முதலில் அதற்குள் தார் ஷீட் ஒட்ட வேண்டும், அதன்மேல் கம்பளி, பிறகு ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். லிவா பாலைவனச் சாலையில் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் வேலையில் குறை சொன்னவர்கள் கிடையாது.

ஹாரிப் என் சித்தப்பா மகன். அவன் வண்டிக்கு முப்பத்தைந்து வயது. மேலே கூடாரம், பின்னால் அடுப்பு வைக்க இழுப்பறை, அடியில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் என் கைவேலைதான்.

மணல்மேட்டில் வண்டி ஓட்ட எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். முன்னால் போனவன் மேட்டைத் தாண்டி இறங்கியதும் பின்னால் இருப்பவன் நூறு எண்ண வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் முன்னவன் நீளமாக ஹார்ன் அடிப்பான். சத்தம் வராவிட்டால் வழி காலி. அதன் பிறகு வேகமாகத்தான் ஏற வேண்டும், தயங்கினால் மணல் விழுங்கிவிடும்.

போன வருடம் என் தம்பி மாயித் அப்படித்தான் மாட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தான். பின்னால் வந்த ஹாரிப் பாட்டை அலறவிட்டிருந்தான். மேட்டைத் தாண்டிப் பறந்து வந்து வண்டியோடு அவன்மேல் விழுந்தான். சாகும்போது மாயித்துக்கு இருபத்தாறு வயது. அவனைத் தூக்கி வளர்த்தவன் நான்.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். காபிக் கோப்பையை வாங்கித் தரையில் வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். அப்பா, "குடிங்க, மன்னிச்சாச்சு" என்றார். எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஹாரிப் வண்டியோடு பட்டறைக்கு வந்தான். ஆளே இளைத்திருந்தான்.

"சத்தமா வேணாம் கல்ஃபான். மெதுவா வச்சாலே தெளிவா கேக்கணும். வெளியில ஹார்ன் அடிச்சா என் காதுல விழணும். அது போதும்."

"விழும். என்கிட்ட விட்டுடு" என்றேன்.

கதவு, தரை, கூரை, சக்கரத்தின் மேல்பகுதி எதையும் விடவில்லை. நான்கு அடுக்கு. பதினோரு நாள் வேலை. அவன் மகள் மௌஸாவுக்கு ஆறு வயது என்பதால் பின்சீட்டில் அவள் காது உயரத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரும் வைத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து பாட்டை மெதுவாக வைத்தேன். பட்டறை ஆளைச் சாலைக்கு அந்தப் பக்கம் என் வண்டி ஹார்னை அடிக்கச் சொன்னேன். அவன் கை அழுத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. இவ்வளவு சுத்தமாக நான் எந்த வண்டியையும் முடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வண்டியில் மணல்மேட்டுக்குக் கிளம்பினோம், நான் முன்னால், அவன் பின்னால். மணலில் இறங்குமுன் டயர்களில் காற்றைக் குறைத்தோம். மௌஸா ஒரு கிண்ணத்தில் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். "பாட்டு என் காதுகிட்டயே கேக்குது பெரியப்பா" என்றாள். இரண்டு பழம் எடுத்துக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றியே ஓட்டு, புது ஸ்பீக்கருக்குத் தூசி ஆகாது என்று ஹாரிப்பிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். என் வேலையை அவன் எப்போதும் நம்புவான்.

மேட்டுக்கு மேல் தெரிகிற மாதிரி வண்டியில் கொடிக்கம்பு மாட்டுவது வழக்கம். அன்று காற்று அதிகம், நான் மாட்டவில்லை. மூன்றாவது மேட்டைத் தாண்டியதும், அவன் வந்து இறங்குகிற இடம் பார்த்து, இடி தாங்கும் முன்பக்க இரும்புக் கம்பி மேட்டைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். ஹார்னை நீளமாக அடித்தேன். பிறகு இறங்கி, முப்பது அடி தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்து எண்ணினேன். நூற்று நான்கில் வந்தான்.

ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அவன் உடனே போய்விட்டான், குழந்தைக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் சட்டப்படி ஹார்ன் அடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாயித்துக்கு மறுக்கப்பட்ட நியாயத்தை நான் அவனுக்கு மறுக்கவில்லை.

குழந்தை உள்ளே இருந்தது தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாமல் என்ன? அவளுக்காகத்தானே அறுபதாவது எண்ணிக்கையில் எழுந்து போய் இன்னொரு முறையும் அடித்தேன்.