இரண்டு முறை வந்த பதினாறு பக்கம்

வாசிப்பின் நீண்ட நெடிய வரலாற்றில் கல்லில் வெட்டி நாற்சந்தியில் நட்டுவைக்கத்தக்க ஓர் உண்மையை முதலில் பிரகடனம் செய்துவிடுகிறேன், ஆய்வாளர் அவர்களே. எழுதிக்கொள்கிறவரைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நான் என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தின் பக்க முனையைக்கூட மடித்ததில்லை.

எச்சில் தொட்டுப் புரட்டியதில்லை. பேனாவால் கோடு கிழித்ததில்லை. தேநீர்க் கோப்பையை மேலே வைத்ததில்லை. யாருக்கும் இரவல் கொடுத்ததும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, எங்கள் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னை ஒரு முரடன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். மூன்று பேரும் மூன்று விதமாகப் படிக்கிறவர்கள். நான் அச்சுக்காரன். என் மனைவி மின்னூல்காரி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை வைத்திருந்தாள். பால் பொங்குகிறதா என்று அடுப்பில் ஒரு கண், பலகையில் ஒரு கண். என்ன படிக்கிறாள், எவ்வளவு படித்தாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. வெளியே தெரியாத படிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "எனக்குத் தெரியுதில்ல, போதும்" என்பாள்.

மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை வைத்திருந்தான், தனிக்கட்டை, சாப்பாடு எங்கள் வீட்டில். அவன் காதால் படிக்கிறவன். காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு, ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டு, ஊரார் பல்லைக் குடைந்துகொண்டிருப்பான். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஒரு அத்தியாயம் என்று பீற்றிக்கொள்வான். நான் அவனிடம் சொல்வேன், கேட்பது வேறு, படிப்பது வேறு, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்வார்களே அந்த ரகம்தான் உன்னுடையது என்று. "ஊட்டினாலும் வயிறு ரொம்புதே அத்தான்" என்பான். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. பேசும்போது எதிராளியின் வாய் திறந்தே இருந்து பழக்கப்பட்டவன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. நான்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். எல்லோரும் அச்சுக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். என்னை அங்கே நடமாடும் நூலகம் என்று அழைப்பார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னது யார் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லாத சங்கதி.

அந்த வட்டத்தில் நான் அடிக்கடி பேசுவது ஒரு நாவலைப் பற்றி. படகோட்டிகளான ஓர் அண்ணன், ஒரு தம்பி. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். ஏழு முறை படித்திருக்கிறேன் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை என்றால் எவனும் சொல்வான். பத்து என்றால் நம்ப மாட்டார்கள். போன மாதம் பேசும்போது, கோபித்துக்கொண்டு போன அண்ணன் கடைசியில் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்து தம்பியைக் கட்டிக்கொள்ளும் இடத்தைச் சொன்னேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே முடிவு செய்தார்கள், எனக்கு வாசிப்புச் செம்மல் என்ற பட்டமும் கேடயமும் கொடுப்பதென்று. அந்த விழா இந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது நேற்று.

மேடையில் சிரிக்க வேண்டியிருக்குமே என்று காலையில் பல்லைச் சுத்தம் செய்துகொள்ள மைத்துனனிடம் போனேன். விடுமுறை நாள், வேறு யாரும் இல்லை. நாற்காலியைச் சாய்த்தான். வாய் மூடாமலிருக்க ஒரு ரப்பர் கட்டையைச் செருகினான், எச்சிலை உறிஞ்ச ஒரு குழாயைத் தொங்கவிட்டான், விளக்கை என் முகத்துக்கு நேரே இழுத்தான். பிறகு இலக்கியம் பேச ஆரம்பித்தான்.

"அத்தான், பேசாதீங்க, நாக்க அசைக்காதீங்க. ஒரு சந்தேகம். உங்க படகுக்காரன் கதைய இந்த வாரம் கேட்டு முடிச்சேன்."

"ஆ" என்றேன்.

"அண்ணன் திரும்பி வர்றான், தம்பியக் கட்டிப் பிடிக்கிறான்னு நீங்க பேசினதா உங்க செயலாளர் சொன்னாரு. போன வாரம் பல்லு கட்ட வந்திருந்தாரு. ஆனா அவன் எங்க அத்தான் வர்றான்? பாதிக் கதையிலயே செத்துப் போறானே."

"ஆ."

"தம்பிதானே துடுப்பால அடிச்சுக் கொல்றான். மிச்சக் கதை பூராவும் அவன் படற பாடுதான். இப்ப கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க."

வாயைக் கொப்பளித்ததும் முதல் காரியமாகச் சொன்னேன், ஒலிநூல்காரர்கள் இஷ்டத்துக்குக் கதையை மாற்றிவிடுகிறார்கள், அச்சில் அப்படி எதுவும் கிடையாது என்று. அவன் சண்டை பிடிக்கவில்லை. "அப்படியா? சாப்பிட வரும்போது உங்க புத்தகத்தையே பாத்துடலாம்" என்றான். ஈறில் ரத்தம் கசிந்தால் வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு பஞ்சு உருளைகள் கொடுத்தான். அக்கறையான பையன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. மனைவி பலகையோடு உள்ளறைக்குப் போய்விட்டாள். இவன் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நாவலை மடியில் வைத்துப் பிரித்தான். தாள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் சத்தம் கேட்டது, புது அப்பளம் நொறுங்குவதுபோல. அச்சுப் புத்தகத்தின் அருமைகளில் அந்தச் சத்தமும் ஒன்று. எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அத்தான், இங்க பாருங்க. முந்நூத்தி இருபதாம் பக்கம் முடிஞ்சதும் மறுபடி முந்நூத்தி அஞ்சு வருது. பைண்டிங் பண்ணினவன் ஒரே பதினாறு பக்கத்த ரெண்டு தடவ வெச்சுத் தச்சிட்டான். அதுக்கு அடுத்த பதினாறு பக்கம் இல்லவே இல்ல. அண்ணன் சாகிற இடமே உங்ககிட்ட இல்ல. நல்ல கூத்து."

பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. அவன் நெற்றியில் ஒரு யோசனை ஏறி வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆனா ஏழு தடவ படிச்சீங்களே. ஒரே பக்கம் ரெண்டு தடவ வர்றது ஒரு தடவகூடக் கண்ணுல படலையா?"

அவன் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிரித்தான். பிறகு இன்னொன்று. அப்பளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். "அடடா, அத்தான்" என்றான்.

அவன் கேலி செய்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். இரக்கப்பட்டான். என் தோளைத் தட்டினான். "மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. சாயங்காலம் கூட்டத்துல நானே இத ஒரு ஜோக்கா எடுத்து விடறேன். எல்லாரும் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. உங்களுக்கும் பாரம் எறங்கும்." பல் பிடுங்குவதுபோல ஒரு இழுப்பில் முடிந்துவிடும் என்று நினைத்தான். வேண்டாம் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "அட, சும்மா இருங்க அத்தான்" என்றான். பிறகு, என்னிடம் இல்லாத பதினாறு பக்கத்தை நான் கேட்டே ஆக வேண்டும் என்று கைப்பேசியில் அந்த இடத்தைத் தேடி, சத்தமாக வைத்து, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான்.

ஒலிநூல் கேட்பவர்களிடம் உள்ள பெரிய குறை இதுதான். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அச்சில் படிக்கிறவனுக்குக் கண் திறந்திருக்கும், அறையில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று தெரியும்.

தட்டின் ஓரத்தில் புத்தகம் சாயாமலிருக்க இரும்புத் தாங்கி வைத்திருக்கிறேன். குதிரைத் தலை உருவம், நல்ல வார்ப்பு. அதை எடுத்தால் வரிசை சரிந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் ஓர் அகராதியைப் படுக்கப் போட்டேன். அவன் மடியிலிருந்த நாவலையும் கறை படாத தூரத்தில் எடுத்து வைத்தேன். ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் சொல்ல வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் எதையும் அப்படிச் செய்கிறவன் இல்லை.

முதல் அடியில் கண்ணைத் திறந்தான். அது சற்றுச் சங்கடமாக இருந்தது. இரண்டாவது அடிக்கு மூடிக்கொண்டான். ஆனால் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. அவனுடைய மருத்துவமனையில் காலையில் என் விரல்கள் எப்படி இறுக்கியிருந்தனவோ, அப்படியே. அவை விடுகிறவரை அடித்தேன். மேல் வரிசைப் பற்கள் முழுக்கப் போய்விட்டன. அதில் எனக்கு வருத்தம்தான், தன் பற்களை அவன் அவ்வளவு நன்றாக வைத்திருந்தான்.

மனைவி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "தம்பி" என்றாள், தூங்குகிறவனை எழுப்புவதுபோல. கிட்டே வந்து அவன் தலையைத் தொட்டாள், கையை எடுத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்காகவா? உள்ள இருந்து எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க ஒண்ணையும் படிக்கிறதில்லன்னு கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். தூசி தட்டறது நான்தானே? எல்லாம் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கும். என்னிக்காவது, யார்கிட்டயாவது, ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா?"

சொன்னதில்லை. அது முழுக்க முழுக்க உண்மை. அவளைப்போல ரகசியம் காப்பவளை நான் பார்த்ததில்லை. நான் அந்தச் சுவரின் முன்னால் நின்று விருந்தாளிகளிடம் பேசிய ஒவ்வொரு முறையும் அவள் தட்டில் தேநீரோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாம் தெரிந்தபடி நின்றிருந்தாள். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் வாசல் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடவில்லை, கத்தவில்லை, நடந்தாள்.

தாங்கிகளைக் கடையில் ஜோடியாகத்தான் விற்பார்கள். முதலாவது கையில் வழுக்கியதால் இரண்டாவதை எடுத்தேன். அவள் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். கடைசிவரை கண்ணை மூடவில்லை. மின்னூல் படிக்கிறவர்களும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். முன்னே நான் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கவனித்தேன், கைப்பேசி விடாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கெங்கோ அமுக்கிப் பார்த்தேன். குரல் கூடியதே தவிர நிற்கவில்லை. அவன் விரலை எடுத்து வைத்தால் திறந்துகொள்ளும் என்று உங்கள் காவலர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விரல் பக்கத்திலேயேதான் இருந்தது, எனக்குத் தோன்றவில்லை. உடைத்துப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அடுத்தவர் பொருளை உடைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு தலையணையைப் போட்டு அமுக்கிவிட்டு, காலையில் அவன் கொடுத்த பஞ்சு உருளைகளைக் காதில் வைத்துக்கொண்டேன். குளித்தேன். நாவலின் அட்டையில் இரண்டு துளி தெறித்திருந்தது, அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் பழுப்புத் தாள் போட்டேன். பின்கட்டு வழியாக இறங்கிக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் பிரமாதம். இரண்டு பேரும் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்றேன். கேடயம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது, நல்ல கனம். ஏற்புரையில் அச்சுப் புத்தகத்தின் ஆன்மாவைப் பற்றிப் பேசினேன். அண்ணன் மறுபடியும் திரும்பி வந்தான். செயலாளர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

இதற்கிடையில் கீழ்வீட்டு அம்மா, சத்தம் தாங்கவில்லை என்று சண்டை போட எங்கள் வாசலுக்கு ஏறி வந்திருக்கிறார். கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே யாரோ கதை சொல்வது கேட்கிறது, கதையும் நன்றாகத்தான் போகிறது. சண்டையை மறந்து படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தம்பி படகில் தனியாக அழுகிற இடத்தில், கண்ணைத் துடைக்கக் குனிந்தபோதுதான் கதவிடுக்கு வழியாக ரத்தம் வந்து தன் செருப்பை நனைத்திருந்ததைப் பார்த்தாராம். ஒலிநூலால் ஒரு குடும்பம் எப்படிச் சீரழிகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஏன் செய்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். பலகை வந்துவிட்டது, காதுக் கருவி வந்துவிட்டது, நாளைக்கு இன்னொன்று வரும். அச்சுப் புத்தகத்துக்கு ஆதரவாகக் கடைசிவரை நிற்க ஒருவன் வேண்டாமா? நான் நின்றேன். அதற்கு இரண்டு உயிர் விலை என்றால், கொடுத்தது நான்தான். இரண்டையும் நானே என் கையால் எடுத்தேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

சற்று முன்பு நீங்கள் அன்பாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "உள்ள சும்மா உக்காந்திருக்கணும், பொழுது போகாது. உங்க சுவர்லேர்ந்தே பத்துப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" என்றீர்கள்.

வேண்டாம். எனக்குப் படிக்கவே பிடிக்காது.