சங்கு ஊதிய மாலையில் ஜெஸிந்தா சிஸ்டர்

மேடையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர் மனோகரன் அவர்களே, பங்குத்தந்தை நெல்சன் அவர்களே, தேவர்சோலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து மழையில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

நம் மருந்தகத்தின் செவிலியர் ஜெஸிந்தா வெட்டிக் கொல்லப்பட்டு இன்று ஒன்பதாம் நாள். அவர் நடத்திய குடிமீட்பு அறையைப் பூட்டிவிட வேண்டும் என்று இங்கே ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. கை தூக்கும் முன் பத்திரிகைக்காரனான என் தவறைக் கேளுங்கள்.

"குடிபோதையில் கொலை" என்று எழுதினேன். பொய்! அவரை வெட்டிய தோட்டத் தொழிலாளி முனியசாமியின் இரத்தத்தில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. எட்டு மாதமாகவே இல்லை.

பிறகு எது வெட்டியது?

முன்பெல்லாம் ஃபேக்டரி சங்கு ஊதினால் வேலை முடியும். கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆண்கள் நேரே சாராயக் கடைக்கு நடப்பார்கள். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி அடைத்தபின் சங்கு நின்றது. அந்த வேளை வந்தால் குடிக்கத் தவிப்பது நிற்கவில்லை. அதைக் கண்டுகொண்டவர் யார்? ஜெஸிந்தா! அந்த வேளைக்கு அறையைத் திறப்பார். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை வாசலில் வாங்கிக்கொள்வார்.

"சிஸ்டர், தேத்தண்ணியில ஒரு சொட்டு ஊத்தினா என்ன?" என்பார் முனியசாமி.

"ஊத்தறனுங்க. இருவது நிமிசம் கழிச்சுக் கேளுங்க."

இருபது நிமிடத்தில் தவிப்பு ஏறி இறங்கிவிடும். முனியசாமி கேட்க மறந்துவிடுவார்.

பதினான்கு மாதம் கழித்து ஃபேக்டரி திறந்தது. சங்கு ஊதியது. எல்லோரும் கைதட்டினோம். ஜெஸிந்தாவும் தட்டினார். அந்த ஓசை முனியசாமிக்குள் எதை எழுப்பும் என்று ஒருவரும் நினைக்கவில்லையே!

கவாத்து மலையிலிருந்து கத்தியோடு வீட்டுக்கு ஓடினார். "பாட்டில எங்கடி ஒளிச்ச?" என்று மனைவி வேலாமணியின் தலையைச் சுவரில் மோதினார். வீட்டை விட்டு ஓடிய வேலாமணி குடிமீட்பு அறைக்குள் விழுந்தார். துரத்தி வந்த முனியசாமியை உள்ளே விடாமல் ஜெஸிந்தா வாசலை மறித்து நின்றார். முதல் வெட்டு தோளில். இரண்டாவது கழுத்தில். அப்போதும் கதவை விட்டு நகரவில்லை.

"அவன அடிச்சே கொன்னிருக்கணும்!" என்கிறார் அங்கே ஒருவர். உங்கள் ஆத்திரம் எனக்கும் உண்டு, ஐயா. தண்டனையை நீதிமன்றம் தரட்டும். ஆனால் இந்தக் கூட்டத்தில் பதினோரு பேர் அந்த அறைக்குப் போகிறவர்கள். நாளையும் சங்கு ஊதும். அறையைப் பூட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்?

தலையில் தையலோடு வேலாமணி முன்வரிசையில் இருக்கிறார். காலையில் என்னிடம் சொன்னார்: "பூட்டாதீங்கய்யா. அன்னிக்கி நான் ஓடிப் போக அந்த ஒரு கதவுதான் தொறந்திருந்துச்சு."

சாவியை என்னிடம் கொடுங்கள், மனோகரன். நாளை சங்குக்குக் கால் மணி முன்பே திறக்கிறேன். கத்திகளை வாங்கி வைக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?