சுருக்குப்பையும் பாப்பாவின் அம்மாவும்

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது.

நீங்கள் விசாரிக்க வந்தது சின்ன விஷயம். எங்கள் கணினி மொழியின் பொது விவாதத்தில் ஒரே ஆள் இரண்டு பெயரில் பேசி ஆதரவு திரட்டினாரா என்பது கேள்வி. ஆமாம், திரட்டினேன். ‘பாப்பாவின் அம்மா’ என்ற கணக்கு என்னுடையது. இத்தோடு எழுந்து போய்விடலாம்தான். ஆனால் நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் இப்போது குறைவு. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

என் தங்கையின் கணவர் ஒரு லைப்ரரி எழுதினார், மற்றவர்கள் தங்கள் நிரலில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் நிரல். பெரிய ஃபைலைக் கொடுத்தால் சின்னதாக மடித்துத் தரும், திரும்பக் கேட்டால் ஒரு புள்ளிகூடக் குறையாமல் விரித்துத் தரும். அதற்குச் சுருக்குப்பை என்று பெயர் வைத்தார். வீட்டில் துணி காயப்போடும் அறையின் மூலையில் ஒரு மேஜை போட்டு, சம்பளமில்லாமல் எழுதியது. வேகத்தில் மற்றதெல்லாம் அதன் கிட்டே வராது. நான் எங்கள் மொழியை நடத்தும் குழுவில் இருக்கிறேன். சுருக்குப்பைக்கும் மொழிக்கும் நடுவே ஒரு இணைப்பு எழுதி, மொழியோடு கூடவே எல்லாருக்கும் போய்ச்சேரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அதைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இணைப்பை நானே எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

எங்கள் குழுத் தலைவியைப் பூட்டு என்போம். விவாதம் கொஞ்சம் நீண்டாலும் பூட்டிவிடுவார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாம் சரி, உள்ள எடுத்துக்கறோம். நாளைக்கு இது உடைஞ்சா யாரு பாத்துப்பா?”

“எழுதினவரே பாத்துப்பாரு,” என்றேன்.

“அவரு சொன்னாரா?”

“எங்க வீட்டு மாப்பிள்ளைங்க,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒப்புதல் பாதி அந்தச் சிரிப்பிலேயே கிடைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டே சொன்னார்: “மச்சான், நான் இதை இத்தோட விட்டுறலாம்னு பாக்கறேன். ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை ஒண்ணு இருக்காம். பசங்களோட இருக்கலாம்.”

“நல்ல யோசனை மாப்பிள்ளை,” என்றேன். தங்கைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் இன்னொரு தடவை மோர் வாங்கிக்கொண்டேன்.

வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. ஒருவரைக் கையைப் பிடித்து இழுப்பதைவிட, அவர் தேவைப்படுகிறார் என்று அவருக்கே புரியவைப்பது நாகரிகம். அப்படித்தான் பாப்பாவின் அம்மா வந்தாள். எங்கோ ஒரு ஊர். மகளுக்கு முதுகெலும்பில் கோளாறு. ஸ்கேன் படங்களையெல்லாம் ஆஸ்பத்திரியில் சுருக்குப்பையில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘நீங்கள் யாரோ எவரோ, என் பெண்ணின் முதுகு உங்கள் கையில் இருக்கிறது’ என்று மாப்பிள்ளைக்கு எழுதினாள். சுருக்குப்பையைச் சேர்க்கச் சொல்லிப் பொது விவாதத்திலும் இரண்டு வரி போட்டாள். பாப்பாவுக்கு அப்பா இல்லை என்று வைத்தது கொஞ்சம் அதிகப்படிதான். எழுதி அனுப்பிய பிறகு அவரை எப்படிக் கொண்டுவருவது?

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தை இல்லை. அது எனக்குத் தெரியாமலா கணக்குக்கு அந்தப் பெயரை வைத்தேன்?

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. “ஒரு குழந்தை மச்சான். நான் எழுதினதை நம்பி இருக்கு,” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவருக்கு நான் ஏதோ கெடுதல் செய்ததாக நீங்கள் நினைத்தால், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மொழியின் புது வெளியீட்டுக்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. மிகப் பெரிய ஃபைல்களைச் சுருக்குப்பை பாதியோடு நிறுத்திவிட்டது. இது நிஜமான பிழை. இல்லாத பிழையை இட்டுக்கட்டும் ஆள் நான் இல்லை. அந்த வாரமே சரிசெய்தால்தான் உள்ளே போகும், இல்லையென்றால் அடுத்த வருஷம்.

அதே வாரம் மாப்பிள்ளைக்குக் கண்ணில் மின்னல் அடித்தது. பிறகு கறுப்புப் புள்ளிகள், பிறகு ஓரத்தில் திரைச்சீலை மாதிரி ஒன்று. சின்ன வயதில் பந்து பட்டு அவருடைய இடது கண் எப்போதோ போய்விட்டது. இருந்தது இது ஒன்றுதான். விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது, நாளைக்கே ஆபரேஷன், அதற்குப் பிறகு பல நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று பாப்பாவின் அம்மாவும் எழுதினாள். ஆஸ்பத்திரியில் சுருக்குப்பையின் புது வெர்ஷனைப் போட்டுவிட்டார்களாம். பாப்பாவின் படங்கள் பாதியில் நின்றுபோகின்றன. படம் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்கிறாராம் சர்ஜன்.

தங்கை எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. யாரோ ஒரு பொம்பளை எழுதினாளாம், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டு உக்காந்துட்டாரு.”

“அழாத. நான் பேசறேன்,” என்றேன். பேசவும் செய்தேன்.

“மாப்பிள்ளை, உடம்புதான் முக்கியம்.”

“எனக்காவது உங்க தங்கச்சி இருக்கா மச்சான். அந்தக் குழந்தைக்கு யாரு இருக்கா?”

ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவை மதிக்க வேண்டும் என்பது என் கொள்கை. போனை வைத்துவிட்டேன்.

பிழையைச் சரிசெய்வது எப்படி என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். மூன்று வரி. எழுதிச் சோதித்தும் வைத்திருந்தேன். ஆனால் நான் சரிசெய்து அனுப்பினால், எழுதினவர் எங்கே என்று பூட்டு கேட்பார். பழைய கேள்வி திரும்பவும் எழும். திருத்தம் அவருடைய பெயரில் வருவதுதான் முறை.

திரையில் ஓர் எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வரும்வரை பெரிதாக்கி, மூக்கு திரைமேல் படும்படி உட்கார்ந்து அவர் சரிசெய்தார். என்னுடையதைவிட அழகான திருத்தம். இரண்டே வரியில் முடித்திருந்தார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அடுத்த நாள் டாக்டர் பார்த்துவிட்டு, முன்னாடியே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னாராம்.

சுருக்குப்பை உள்ளே போயிற்று. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். எழுதினவருக்குக் கண் தெரியவில்லை என்று நானே குழுவிடம் சொன்னேன். பூட்டு வருத்தப்பட்டார். அந்த வாரமே இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் சுருக்குப்பையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அவ்வளவு சுலபம் என்று அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இதில் அவர் மீது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

நான் கணக்கை மூடிவிடத்தான் இருந்தேன். கட்டுப் பிரித்ததும் மாப்பிள்ளை முதலில் கேட்டது பாப்பாவைப் பற்றி. தங்கையை விட்டு எழுதச் சொன்னார். எப்படி மூடுவது? பாப்பாவைப் பிழைக்க வைத்தேன். அதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நடக்க வைத்தேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன், கணக்கில் மட்டும் தடுமாற வைத்தேன். மாப்பிள்ளை படுக்கையில் சாய்ந்தபடி பின்னம் எப்படிக் கூட்டுவது என்று சொல்லச் சொல்லத் தங்கை எழுதி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது, பாப்பாவின் அம்மா எழுதியதைத் தங்கை வாய்விட்டுப் படிப்பாள். நன்றாகப் படிப்பாள். அவர் சிரிப்பார்.

“அந்தம்மா மட்டும் இல்லன்னா இவரு என்ன ஆயிருப்பாரோ அண்ணா,” என்றாள் ஒருநாள்.

“நல்ல மனசு,” என்றேன்.

இப்போது நீங்கள் அந்தக் கணக்கை முடக்கிவிட்டீர்கள். விதி அப்படி, புரிகிறது. என்னைக் குழுவிலிருந்து நீக்குங்கள், என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பாப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் சாப்பிடாமல் கிடக்கிறாராம். கணக்கைத் திறந்துவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அந்த மனிதர் மேல் உண்மையான அக்கறை உள்ள ஒரே ஆள் பாப்பாவின் அம்மாதான்.