என் காலத்துக்குப் பிறகு

– மறுபடியும் சொல்லுங்கப்பா. கடைசில வீடு யாருக்கு?

– யாருக்கும் இல்லம்மா. டிரஸ்டுக்கு. வக்கீல் உள்ள கூப்பிடுறதுக்குள்ள இது உன் மண்டைல ஏறணும்.

– யாருக்கும் இல்லாத வீட்டுக்கு யாரு வெள்ளையடிக்கிறது?

– டிரஸ்டி. அதாவது நீ. வீடு உன் பொறுப்புல இருக்கும், ஆனா உன் தேவைக்குன்னு விக்க முடியாது. மாடி வாடகை தம்பி செலவுக்கு மட்டும்தான். அவன் பயனாளி. அவன் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டை விட்டு அவனை யாரும் கிளப்ப முடியாது.

– ஆக, உழைக்கிறவ ஒருத்தி, அனுபவிக்கிறவன் ஒருத்தன். நம்ம வீட்ல ரொம்ப நாளா நடக்கிறதுதானே. இதுக்கு எதுக்குப்பா வக்கீல்?

– கடை. பச்சை கேட். நாய்.

– டேய் தம்பி, சும்மா இருடா. நேத்துலேருந்து இதையே சொல்லி உயிரை எடுக்கிறான். மூணு கழுதை வயசாச்சு, இன்னும் ஷூ லேஸ் நான்தான் கட்டிவிடணும். காலை நீட்டு.

– அவனை விடு. உயில்னு எழுதினா வீடு நேரா அவன் கைக்கு வந்துடும். எவனாவது பேனாவைக் குடுத்து, கையெழுத்துப் போடு ராஜான்னா, சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்துருவான். அதுக்குத்தான் டிரஸ்ட்.

– அதெல்லாம் புரிஞ்சுதுப்பா. வக்கீல் போன வாரமே புட்டுப் புட்டு வெச்சாரே. நீங்க இருக்கிற வரைக்கும் நீங்க டிரஸ்டி, உங்க காலத்துக்குப் பிறகு நான். சரின்னு தலையாட்டிட்டுத்தானே போனேன். இன்னிக்கு மறுபடியும் எதுக்கு? ஆஸ்பத்திரில நைட் டூட்டி முடிச்சு நேரா வந்திருக்கேன். கண்ணெல்லாம் எரியுது.

– அந்த ‘என் காலத்துக்குப் பிறகு’ங்கிற வரியை எடுக்கச் சொல்லப் போறேன். இன்னிலேருந்தே நீதான் டிரஸ்டி.

– முடியாது.

– ஏம்மா?

– அலுத்துப்போச்சுப்பா. அம்மா போனதுலேருந்து இவனுக்கு ஷேவ் பண்றது, மாத்திரை குடுக்கிறது, துணி மாத்துறது எல்லாம் நான். வீட்டு வரி, வாடகை, பாங்க், அது ஒண்ணுதான் நீங்க பார்க்கிறீங்க. அதையும் என் தலைல கட்டிட்டா எப்படி? கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க. இன்னும் பத்து வருஷம் பாருங்க.

– புத்தி தெளிவா இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுடணும்மா.

– உங்க புத்திக்கு என்னவாம்? என் புத்திதான் பேதலிச்சு நிக்குது.

– கடை. பச்சை கேட். நாய். அப்புறம் சோத்துக்கைப் பக்கம்.

– போதும்டா! பாருங்கப்பா இவனை. நேத்து மார்க்கெட்ல உங்க கையை உதறிட்டு ஓடினான். நீங்க தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. எனக்கு டூட்டிக்கு லேட். வந்த கோவத்துல முதுகுல ஒண்ணு வெச்சேன். ராத்திரி முழுக்க வேலையே ஓடல, அதே நெனப்பு.

– அடிச்சிருக்க வேணாம்.

– தெரியுதுப்பா. வருத்தமாத்தான் இருக்கு. நீங்களும் பக்கத்துல நின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே.

– அக்கா அடிச்சா. நான் அழல. அப்பாதான் அழுதாங்க, மார்க்கெட்ல.

– அப்பாவா? ஏன்டா?

– வீடு எங்கன்னு கேட்டாங்க.

– என்னப்பா சொல்றான் இவன்?

– பழக்கடை முன்னாடி நின்னேம்மா. எந்தப் பக்கம் போகணும்னு தெரியல. வேலைக்குப் போன நாள்லேருந்து நடந்த தெரு. யாரையாவது கேக்கலாம்னா, தெருப் பேர் வாய்ல வரல.

– தம்பி ஓடிட்டான்னு சொன்னீங்களேப்பா.

– சொன்னேன். வேற எதைச் சொல்றதுன்னு தெரியல. நீ அவனை அடிச்சப்போகூட நான் வாயைத் திறக்கல பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல.

– அப்போ கடை, பச்சை கேட்னு இவன் சொல்லிட்டிருக்கிறது...

– நம்ம வீட்டுக்கு வழிம்மா. கையைப் பிடிச்சு, ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இவன்தான் என்னைக் கூட்டிட்டு வந்தான். எந்திரி, வக்கீல் கூப்பிடுறார். பயனாளின்னு தம்பி பேர் இருக்கில்ல, அதுக்குக் கீழ என் பேரையும் சேர்க்கச் சொல்லு.