கரை நேரம்

மெக்சிகோவின் கோசுமேல் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் டாக்சி பிடிக்க வேண்டியதில்லை. கடலோரமாகவே நடந்தால் ஊர்ச் சதுக்கம் வந்துவிடும். ஒரு தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்தால் இதே தூரத்துக்கு ஏசி பஸ்ஸில் ஏற்றி, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

இதை நான்கு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், எங்கள் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். செண்பகனூரில் மெக்சிகோ பென்சன் என்றால்தான் என்னைத் தெரியும். மற்ற நாட்களில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். எங்கள் பங்கில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் பார்க்கப் போனால் ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, ஒரு வாரத்துக்குக் கப்பலில் ஏற்றி மெக்சிகோ பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் அது நல்லதுதான். அப்படிப் போகிறவர்களுக்கு நான் இலவசமாக ஆலோசனை சொல்கிறேன்.

திருவிழா மலருக்கு 'சிக்கனமாக மெக்சிகோ' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பங்குப்பேரவைச் செயலர் சந்தோஷ்குமார் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. இடம் போதாவிட்டால் செயலர் வெட்டிக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். மலையில் இருக்கும் எங்களுக்கு இறங்குவது என்றால் வத்தலக்குண்டுக்கோ மதுரைக்கோ போவது. கப்பலை விட்டுக் கரைக்குப் போவதும் இறங்குவதுதான். நான் ஒன்பது மாதம் வேலை பார்த்த கப்பலில் சலவைக்கூடம் அடித்தளத்தில், கடல் மட்டத்துக்கும் கீழே இருந்தது. நான் படுக்கும் அறை அதற்கு இரண்டு தட்டு மேலே. கப்பல் செவ்வாய்க்கிழமைகளில் கோசுமேலில் நிற்கும். ஊருக்குத் திரும்பியதும், மெக்சிகோவில் இறங்கினாயா என்று எல்லோரும் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் இறங்கினேன் என்று சொன்னேன். காலை ஆறு மணிக்குச் சலவைக்கூடத்துக்கு இறங்கத்தான் செய்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நானும் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.

மெக்சிகோ மண்ணை நான் மிதித்ததில்லை. மிதித்திருக்கலாம்; வாரத்தில் ஒரு பிற்பகல் விடுப்பு உண்டு. ஆனால் நான் சேர்ந்த இரண்டாவது வாரமே தேனிக்காரர் வேலுமணி கரைக்குப் போய் மாட்டிக்கொண்டார். எங்கள் கப்பல் அமெரிக்காவில் டாம்பா என்ற ஊரிலிருந்து புறப்படும்; அந்த ஊர் நேரத்தைக் கப்பலில் மாற்றவே மாட்டார்கள். கோடையில் கோசுமேல் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். வேலுமணி கரைக் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் கிடக்கிறது என்று மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கப்பல் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கரை என்றாலே பயம். விடுப்பு நாட்களில் கட்டிலில் படுத்து ஜெபமாலை சொன்னேன்.

ஆனாலும் மெக்சிகோவை நான் அறிவேன். பயணிகளின் கால்சட்டைகளைத் துவைக்கும் முன் பைகளைத் தேட வேண்டியது என் சோலி. பஸ் டிக்கெட், சாப்பாட்டு ரசீது, ஊர் வரைபடம், பாதி தின்ற புளி மிட்டாய் என்று எல்லாம் வரும். எந்தக் கடையில் எந்தக் குழம்பு என்று மேஜை விரிப்பின் கறையைப் பார்த்தே சொல்வேன். கரைக்குப் போனவர்கள்கூட இவ்வளவு கவனித்திருக்க மாட்டார்கள்.

மற்றவை தானாக வந்து சேர்ந்தன. சந்தையில் காய்கறி விற்கும் மரியா என்ற அம்மாள், யாரோ கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தவர். பட்டர் ஃப்ரூட்டில் சீனி போட்டுத் தின்ன அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தெருவில் என்னைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து 'தொன் பென்சன்', அதாவது பென்சன் ஐயா, என்று வணக்கம் சொல்வார்கள் என்பது ஒரு பெருவிழாவுக்கு முந்தின வாரம். அன்று கூட்டம் அதிகம்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது என் சகலை பரமானந்தம் அண்ணன் மெக்சிகோவுக்குப் புறப்பட்டார்.

அண்ணன் என் மனைவி அனிட்டாவின் அக்காள் கணவர். பள்ளங்கியில் வீடு, வீட்டைச் சுற்றிச் சௌசௌ பந்தல். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சும்மாவே டியூஷன் எடுத்தார். பஸ் எட்டேகாலுக்கு என்றால் அது எட்டு பதினேழுக்கு வந்ததை நோட்டில் குறித்து வைப்பார். யாராவது ஒன்றைச் சொன்னால் நேரில் போய்ச் சரிபார்க்காமல் விடமாட்டார். அவர் மகள் ஜென்சி டாம்பாவில் நர்ஸ். போன மே மாதம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கப்பலில் இடம் போட்டாள். கப்பல் கோசுமேலில் நிற்கும் என்றாள்.

அண்ணன் என் வீட்டுக்கே வந்தார், நீள நோட்டோடு. மரியாவின் கடை சந்தையில் எத்தனையாவது வரிசை என்று கேட்டார். எழுந்து நிற்கும் கடைக்காரர்களின் பெயர்களைக் கேட்டார். திரும்பி வந்ததும் மண்டபத்தில் எல்லோருக்கும் விவரமாகச் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

என் நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் என் அப்பாவை வடகவுஞ்சியிலிருந்து வந்தவர் என்று மட்டும்தான் தெரியும். என்னை மெக்சிகோ பென்சன் என்று தெரியும். சாமியார்கூட என்னைப் பார்த்தால் இரண்டு ஸ்பானிஷ் வார்த்தை பேசுவார். அந்தப் பெயர் போனால் நான் மறுபடியும் வேன் ஓட்டுகிற ஒருத்தன். அதை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவரைத் தடுத்துப் பார்த்தேன். வெயில் ஒத்துக்கொள்ளாது, மதினிக்கு முழங்கால் வலி, கப்பலிலேயே இருந்தால் நாள் முழுக்க ஐஸ்கிரீம் என்றேன். மதினி கித்தேரியம்மாள், ஐஸ்கிரீம் தின்ன ஏழு கடல் தாண்ட வேண்டுமா என்று கேட்டுவிட்டார். பிறகு அமைதியாக யோசித்தேன். ஒருவர் ஒரு ஊரில் கப்பலைத் தவறவிட்டு, அசடு வழிந்து திரும்பினால், அந்த ஊரைப் பற்றி வாயைத் திறப்பாரா? கேட்கிறவர்களும் நாகரிகம் கருதிக் கேட்கமாட்டார்கள். யாருக்கும் அடிபடாது. வேலுமணியே உயிரோடுதான் இருக்கிறார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு அண்ணனை உட்கார வைத்துப் பதினாறு குறிப்புகள் சொன்னேன். அவர் கையாலேயே எழுதிக்கொண்டார். பதினைந்தும் அருமையான குறிப்புகள். கப்பலில் ஒலிபெருக்கி அறிவிப்பு எது வந்தாலும் ஏதோ விற்கப் பார்க்கிறார்கள், காது கொடுக்க வேண்டாம் என்பது பதினைந்தாவது. பதினாறாவதைச் சொன்னபோது அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"கரை நேரமா, தம்பி? கப்பல் நேரம் இல்லையா?"

"கரை நேரந்தாண்ணே. எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊரு கடிகாரந்தான். எறங்குன ஒடனே மாத்தி வச்சுருங்க."

'கரை நேரம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். கோடு போட ஸ்கேல் வைத்திருந்தார்.

நடந்தது நான் நினைத்த மாதிரிதான். இருவரும் கடலோரமாக நடந்து சதுக்கத்துக்குப் போனார்கள். சந்தையில் மதினி சௌசௌவைக் கண்டுவிட்டார். நம்ம பள்ளங்கிக் காய் இங்கே எப்படி வந்தது என்று அசந்துபோய், விற்கிற அம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, சௌசௌ கூட்டு வைப்பதைச் சைகையில் விளக்கியிருக்கிறார். அந்த அம்மாள் பதிலுக்கு ஒரு சூப்பை விளக்கியிருக்கிறார். அது பிற்பகல் வரை போயிருக்கிறது. கப்பலில் நான்கு மணிக்குள் ஏறிவிட வேண்டும். அண்ணன் மூன்று நாற்பதுக்குத் துறைமுகத்தில் நின்றார், இருபது நிமிடம் முன்னதாக. கப்பல் கடலில் சோப்புக்கட்டி அளவுக்குத் தெரிந்ததாம். அது வேறு கப்பலாக இருக்கும் என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஜென்சி அழுதுகொண்டு அனிட்டாவுக்குப் போன் செய்தாள். பங்கே கூடிவிட்டது. மாலையில் ஜெபமாலை சொன்னோம். நான்தான் முன்னின்று சொன்னேன். முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெக்சிகோவில் ஆள் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. வேறு வழியில்லாமல் போனை எடுத்து, அணைத்துவிட்டு, காதில் வைத்து மரியாவோடு பேசினேன். ஸ்பானிஷில் எனக்கு இருபது வார்த்தை வரும், பெரும்பாலும் துணி சம்பந்தப்பட்டவை. சட்டை, கறை, வெந்நீர் என்று மாற்றி மாற்றி உருக்கமாகச் சொன்னேன். இடையில் பதிலுக்காகவும் காத்திருந்தேன். மரியா பார்த்துக்கொள்வார் என்று அறிவித்ததும் அனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே நிம்மதியாக இருந்தது.

மூன்று நாளில் துறைமுக முகவர் அவர்களை டாம்பாவுக்கு விமானம் ஏற்றிவிட்டார். ஒரு மாதம் கழித்து ஊர் திரும்பினார்கள்.

அண்ணன் மண்டபத்தில் பேச எழுந்தபோது நான் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். பென்சன் சொன்னது அத்தனையும் உண்மை என்றார் அவர். சௌசௌ விற்கிற அம்மாளின் பெயர் மரியாவாம். அவர் வீட்டில்தான் மூன்று நாளும் சாப்பாடு. பென்சனைத் தெரியுமா என்று அண்ணன் சந்தை முழுக்கக் கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே "சி, சி" என்றார்களாம். அங்கே சி என்றால் ஆமாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே என்னை இத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அண்ணனுக்கு அந்த ஒரு மணி நேரம் விளங்கவில்லை. கப்பல் நேரம்தான் பார்க்க வேண்டும் என்று முகவர் சொல்லிவிட்டார். நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கரை நேரம்னு நீதான சொன்ன, தம்பி?"

நான் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தேன்.

"கப்பல் நேரம்னுல்ல சொன்னேன். மாத்தி எழுதிட்டீங்கண்ணே. இது ஒங்க கையெழுத்துதான?"

அவர் தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மறு வாரம் டியூஷனை நிறுத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டு, மணி என்ன என்று அவரிடமே கேட்க ஆரம்பித்தார். பெருக்கல் கணக்கைப் போட்டுவிட்டு, மாதா படத்தைப் பார்த்து, இது சரிதானா என்று கேட்கிறாராம்.

மதுரையில் ஒரு மூளை டாக்டரிடம் என் வேனிலேயே அழைத்துப் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டர். அண்ணன் இரண்டு வரை வந்து, நிறுத்தாமல், மைனஸ் ஐந்து, மைனஸ் பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தார். மைனஸ் எழுபத்தைந்தில் டாக்டர் கும்பிட்டு நிறுத்தினார். இவருக்கு ஒன்றுமே இல்லை என்றார்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அப்படியென்றால் யார் சொன்னது தப்பு என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது.

"ஆரம்பத்துல டாக்டருக்கே தெரியாதுண்ணே," என்றேன். "மெல்லத்தான் வரும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

போன ஞாயிறு மண்டபத்தில் நான் ஆலோசனை சொல்லும்போது புது நோட்டோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதினார். முடிந்ததும் நோட்டை என்னிடம் நீட்டி, "நான் எழுதுனது நீ சொன்னதுதானான்னு பாத்துச் சொல்லு, தம்பி" என்றார். ஒரு எழுத்து பிசகவில்லை.  அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொன்னது கரை நேரம். பரமானந்தம் அண்ணன் எழுதியது சரி. அவர் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. கப்பலைத் தவறவிட வைத்தவன் நான், தெரிந்தே செய்தேன். இது பங்குக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். பேசட்டும். ஆனால் ஒன்று: அண்ணன் அப்படி மனம் உடைந்து கிடந்த நாட்களில், மதுரைக்குக் கூட்டிப் போகவும் ஆறுதல் சொல்லவும் நான் ஒருவன் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.