டிக்கியில் ஒரு பை

கார் கதவை ஓங்கிச் சாத்த வேண்டியதில்லை. விரல் நுனியால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. நேற்று என் வண்டியை இங்கே ஓட்டிவந்தாரே உங்கள் கான்ஸ்டபிள், அவர் கதவை அறைந்த அறையில் என் நெஞ்சே அதிர்ந்துவிட்டது. அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள், மேடம். பதினாறு வருட வண்டி. இன்னும் ஒரு கீறல் கிடையாது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினேன். ஓய்வு பெற்ற மறு மாதமே மனைவி போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் கிடையாது. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து என்ன செய்வதென்று தெரியாது. குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துத் தெரு நர்ஸம்மா ஒருநாள் வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். வண்டி வசதியில்லாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப்போய்வர ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார். "சும்மா உக்காந்து செவுத்தப் பாத்துட்டிருக்கிறதுக்கு நாலு பேருக்கு ஒத்தாசையா இருக்கலாம்ல?" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அடுத்த நாளே வண்டியை எடுத்துவிட்டேன்.

டயாலிசிஸ் நோயாளிகளைத்தான் எனக்குக் கொடுத்தார். வாரம் மூன்று நாள் அழைத்துப் போக வேண்டும், நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எனக்கு இருந்தது. ஊசி குத்திய கையை வைத்துக்கொள்ள ஒரு தலையணை வாங்கினேன். அவர்கள் வந்து ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிர வைத்துவிடுவேன். வேகத்தடை வந்தால் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி ஏறி இறங்குவேன். பதினொரு வருடத்தில் ஒருநாள் லீவு போட்டதில்லை. நர்ஸம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு கணக்கு வாத்தியார். இரண்டு வருடம் அவரைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவார். "நீங்க என் கூடப் பொறக்காத அண்ணன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஒருநாள் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன், வராந்தாவில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் கழித்து ஸ்கூட்டரில் என்னைக் கடந்து போனார். நிற்கவில்லை. கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

அவருக்குப் பிறகு இன்னும் சிலர், அப்புறம் வந்தவர்தான் தையற்காரம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரே மகள். முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டார். நானும் சில வாரங்களில் வாம்மா போம்மா என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த நோய்க்காரர்கள் நினைத்தபடி தண்ணீர் குடிக்கக் கூடாது, அளந்துதான் குடிக்க வேண்டும். அவருக்கு எப்போதும் தாகம்தான். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வருவார். "கிட்னி கெடச்சதும் மொத வேலையா ஒரு செம்பு தண்ணிய மூச்சு விடாம குடிக்கணும்ணே. நடுவுல யாராச்சும் கூப்பிட்டீங்க, அவ்ளோதான்" என்பார். நான் சிரிப்பேன்.

பெரிய ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவர் பெயரைப் பதிய நான்தான் அழைத்துப்போனேன். டயாலிசிஸ் செய்யும் இடம் வேறு, பட்டியல் இருக்கும் இடம் வேறு. யாராவது இறந்து சிறுநீரகம் தானமாக வந்தால், பொருந்துகிறவரைப் போனில் கூப்பிடுவார்கள். நாலு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படிவத்தில் இரண்டு எண்கள் கேட்டிருந்தார்கள். தையல் மெஷின் சத்தத்தில் தையற்காரம்மாவுக்குப் போன் அடிப்பதே கேட்காது, மகளோ கடையில் போனைத் தொடக் கூடாது. எப்படியும் கூட்டிப்போகப் போவது நான்தான். அதனால் முதலில் என் எண்ணைப் போட்டோம். இரண்டாவதாகத் தன் எண்ணை எழுதினார். அடுத்த வருடமே போன் தொலைந்து எண்ணை மாற்றிக்கொண்டார். "ஆஸ்பத்திரில சொல்லிருங்கண்ணே" என்றார். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். மறக்கவில்லை.

பட்டியலில் பெயர் ஏறிய அன்று மாலையே ஒரு பையைக் கொண்டுவந்து என் டிக்கியில் வைத்தார். அவரே தைத்த பச்சைத் துணிப்பை. உள்ளே இரண்டு நைட்டி, துண்டு, பல் துலக்கும் பிரஷ், சோப்பு. "கூப்பிட்டதும் வீட்டுக்கும் வாசலுக்கும் ஓடிட்டிருக்கக் கூடாதுல்ல, அதான்" என்றார். வருடத்துக்கு ஒருமுறை சோப்பை மட்டும் மாற்றுவார், வாசம் போய்விடுகிறதாம். கிட்டத்தட்ட நாலு வருடம் அந்தப் பை என்னோடு ஊரெல்லாம் சுற்றியது.

இடையில் நகராட்சி நோயாளிகளுக்கென்று ஒரு வேன் விட்டது. எங்கள் குழுவில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நர்ஸம்மா என்னிடமும் வந்தார். "தையற்காரம்மா மட்டும் உங்க வண்டியிலதான் வருவேன்னு நிக்கிறாங்க. அவங்களுக்கும் சரியாயிட்டா நீங்களும் ஹாயா கால நீட்டி உக்காரலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அதே வாரம் தையற்காரம்மாவும் சொன்னார். "எனக்கு மட்டும் சரியாகட்டும்ணே, அப்புறம் உங்களத் தொந்தரவே பண்ண மாட்டேன். எங்க போறதுன்னாலும் நானே பஸ்ல போயிக்குவேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

முதல் போன் ஒரு புதன்கிழமை வந்தது. காலை பத்து மணி பத்து நிமிடம். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். ஒரு பெண் குரல். "கிட்னி ஒண்ணு வந்திருக்குங்க, அவங்களுக்குப் பொருந்துது. உடனே கூட்டிட்டு வர முடியுமா? காய்ச்சல், சளி ஏதாச்சும் இருக்கா?"

தையற்காரம்மா வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிடம். பை டிக்கியில் இருந்தது, டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. நாலு மணி நேரமெல்லாம் எனக்குத் தேவையே இல்லை, ஒன்றேகால் மணி நேரத்தில் சேர்த்திருப்பேன்.

"ரெண்டு நாளா நல்ல காய்ச்சல்மா" என்றேன்.

"அடடா. சரிங்க, பரவால்ல, அடுத்த தடவ பாப்போம். நல்லா கவனிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டாள். மரியாதையான பெண். நான் மிச்சமிருந்த இரண்டு சக்கரங்களையும் கழுவி முடித்தேன்.

மறுநாள் வியாழன், டயாலிசிஸ் நாள். ஏறியதும் வழக்கம்போல, "போன் ஏதும் வந்துச்சாண்ணே?" என்றார். ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒரு விளையாட்டு மாதிரி. "வந்தா மொதல்ல உனக்குத்தானம்மா சொல்லுவேன்" என்றேன். தலையணையைக் கைக்கு அடியில் வைத்துவிட்டேன். கதவை நானே சாத்தினேன்.

இரண்டாவது போன் எட்டு மாதம் கழித்து. ஊரில் இல்லை என்று சொன்னேன். மூன்றாவது அதற்கு ஐந்து மாதம் கழித்து. அப்போது வேறொருவர் பேசினார், கொஞ்சம் கறார். "இப்பிடியே தட்டிப் போச்சுன்னா லிஸ்ட்ல வெச்சிருக்க முடியாதுங்க. அவங்களுக்கு விருப்பம் இருக்கா, இல்லியா?" என்றார். அவர் அப்படி நேராகக் கேட்டிருக்க வேண்டாம். "இல்லீங்க. ஆபரேஷன்னா பயப்படுறாங்க. எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டேன். வருடாந்தரப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்களே என்று தையற்காரம்மா கேட்டபோது, இப்போதெல்லாம் அது இல்லையாம் என்றேன். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் யோசித்துப் பார்த்தவன்தான். ஆபரேஷன் எல்லோருக்கும் நல்லபடியாக முடிவதில்லை. டயாலிசிஸிலேயே பல வருடம் இருப்பவர்கள் உண்டு. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும். நான் இருந்தேன். அந்த மூன்றாவது போனுக்குப் பிறகும் ஒன்றரை வருடம், வெயிலோ மழையோ, ஒருநாள் தவறாமல் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போதே அவர் இதயம் நின்றுவிட்டது. நான் கீழே வண்டியைக் குளிர வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நர்ஸ் வந்து சொன்னாள். ஏசியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் மேலே ஓடினேன். அழுதேன். யாருக்காகவும் நான் அப்படி அழுததில்லை, மனைவிக்குக்கூட. மகள் என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லன்னா அம்மா இவ்ளோ நாள் கூட இருந்திருக்க மாட்டாங்க மாமா" என்றாள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மகள் நல்ல பெண். அதுதான் வினையாகப் போயிற்று. போன திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தானாகவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், பட்டியலிலிருந்து அம்மா பெயரை எடுக்கச் சொல்ல. செத்துப்போனவர் பெயர் அங்கே கிடந்து, காத்திருக்கிற யாருக்கோ தாமதமாகிவிடக் கூடாதாம். அங்கிருந்தவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரை எடுத்து ஒன்றரை வருடமாகிறதே என்றிருக்கிறார்கள். மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு எதிரே என் எண்.

நேராக என் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"போன் வந்துச்சா மாமா?"

அவள் அம்மா கேட்ட அதே கேள்வி. "வந்துச்சும்மா" என்றேன்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"ஏன் மாமா?"

ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்ததாகச் சொன்னேன். பிறகு பையைக் கேட்டாள். டிக்கியைத் திறந்துவிட்டேன். அங்கேயே நின்று பையைப் பிரித்து, சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். புது சோப்பு. இறப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் தையற்காரம்மா மாற்றி வைத்திருந்தார். இந்தப் பெண் என் வண்டியில் ஏறி இறங்கிய போதெல்லாம் கதவை அறைந்துதான் சாத்துவாள், நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அன்றைக்கு டிக்கியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் சாத்தினாள். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறாள். உங்கள் மேஜையில் இருக்கிறதே, அந்தப் பைதான்.

அவரை ஏன் சாகவிட்டீர்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். ஆமாம், மூன்று முறையும் அவர் போகாதபடி செய்தது நான்தான். எனக்கு நினைவு பிசகவில்லை, யாரும் என்னைத் தூண்டவுமில்லை. எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அலட்சியம் என்றோ கவனக்குறைவு என்றோ மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது. நர்ஸம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், நான் எத்தனை மணிக்குப் போய் நின்றேன், எல்லாம் அதில் இருக்கும். வாங்கிப் பாருங்கள், மேடம். இந்தப் பதினொரு வருடத்தில் நான் ஒருவரையும் ஒரு நிமிடம்கூடக் காக்க வைத்ததில்லை.